ஃபிரிட்ஜ், ஏசி, ஃபேன், கீசர்: முதலில் எதை மாற்றுவது?

நீரோடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். சாமான்களில் பாதி கல்யாணமான புதிதில் வாங்கியவை. ஃபிரிட்ஜுக்கு 14 வயது, 250 லிட்டர். ஏசி 1.5 டன், 9 வருடம் ஓடிவிட்டது. நான்கு சாதா ஃபேன், 15 லிட்டர் கீசர், மேலே துணி போடும் வாஷிங் மெஷின். கரண்ட் பில் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இந்த வருடம் ஒன்றை மாற்றலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. கணவர் ஏசி என்கிறார். கடையில் விசாரித்தால் அவர்களும் ஏசியைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு ஃபிரிட்ஜ் மேல்தான் சந்தேகம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் எப்போதும் அதன் உறுமல் கேட்கிறது. எதை முதலில் மாற்றுவது? ஐந்து ஸ்டார் பார்த்து வாங்கினால் போதுமா?

மொட்டைமாடி எழுதியது:

ஸ்டார் பேச்சை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு நாள் முழுக்க ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, எந்தச் சாதனம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். பில் என்பது வாட் பெருக்கல் மணி நேரம், அவ்வளவுதான். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். மிக்சி 500 வாட் என்று பயப்படுவார்கள், ஆனால் அது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கூட ஓடாது. 0.1 யூனிட்டுக்கும் கீழேதான் வரும். எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தபோது நான் நினைத்த வரிசை அப்படியே தலைகீழாக மாறியது.

கம்பிவடம் எழுதியது:

நான் வயரிங் வேலை பார்ப்பவன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சகோதரி, தாளோடு இன்னொன்றும் செய்து பாருங்கள், காசே செலவில்லை. உங்கள் வீட்டு மீட்டர் டிஜிட்டலாக இருந்தால் அதில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருப்பார்கள். என் வீட்டு மீட்டரில் 3200. அந்த எண் இருந்தால் 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் ஆகும் வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டு, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சோடு மீட்டர் முன்னால் நில்லுங்கள். 15 வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டினால் அது 75 வாட் ஃபேன். 37 வினாடி ஆனால் 30 வாட். அச்சடித்த எண் 1600 ஆக இருந்தால் 1125-க்குப் பதிலாக 2250 போட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பொறுமைசாலி எழுதியது:

மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு "மின்சாரம் மிச்சம்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஃபிரிட்ஜைச் செய்ய இரும்பு, செம்பு, பிளாஸ்டிக் எவ்வளவு வேண்டும்? அதற்குப் போன மின்சாரம் நம் பில்லில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். புதிய சாதனங்களில் மோட்டாரை விட உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு முதலில் போகிறது. போர்டு போனால் பழுது பார்ப்பவரும் கையை விரிக்கிறார். பழைய கம்ப்ரெசர் கழுதை மாதிரி இருபது வருடம் உழைக்கும்.

மொட்டைமாடி எழுதியது:

பொறுமைசாலி ஐயா, போர்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வாங்கும்போது ஸ்டார் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, வாரண்டியில் போர்டு சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஆனால் தூக்கிப் போடக் கூடாது என்பதை எல்லாச் சாதனத்துக்கும் ஒரே மாதிரிச் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் வருடத்துக்கு 8760 மணி நேரமும் செருகிய நிலையிலேயே இருக்கிறது. ஒரு தடவை செய்யப் போன மின்சாரத்தை விடப் பல மடங்கை அது ஓடியே தின்றுவிடும். எப்போதாவது போடும் அயர்ன் பாக்ஸுக்கு உங்கள் வாதம் முழுக்கப் பொருந்தும். மணி நேரம் கூடக் கூட வாதம் பலவீனமாகிறது.

குளிர்காற்று எழுதியது:

ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பதுதான் என் தொழில். உறுமல் நிற்பதே இல்லை என்று சகோதரி எழுதியதைப் படித்ததும் கதவு ரப்பர்தான் ஞாபகம் வந்தது. ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்துங்கள். பிடித்து இழுத்தால் தாள் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் பாருங்கள், முக்கியமாகக் கீழ் மூலை. அங்கேதான் அழுக்கு சேர்ந்து ரப்பர் விறைத்துப்போயிருக்கும். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தால் சில சமயம் திரும்பவும் மெதுவாகும். இல்லையென்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

பிறகு பின்பக்கம். கறுப்புக் கம்பிச் சுருள் வெளியே தெரிகிற மாடலா? அதில் தூசி படிந்திருந்தால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷால் தட்டுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். உள்ளே கீழ்த் தட்டில் 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். அதற்குக் கீழே போனால் பொருளுக்கு லாபமில்லை, பில்லுக்கு நஷ்டம்.

இதையெல்லாம் செய்த பிறகும் நிற்காமல் ஓடினால் கேஸ் குறைந்திருக்கும், அல்லது கம்ப்ரெசர் தேய்ந்திருக்கும். 14 வருடத்துக்கு மேல் அதில் பெரிய செலவு செய்ய நானே சொல்ல மாட்டேன். புதியது வாங்கினால் உள்ளே என்ன கேஸ் என்று பாருங்கள். இப்போது நிறைய ஃபிரிட்ஜில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் வருகிறது. பழைய ஆர்134ஏ கேஸ் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஐசோபியூட்டேனில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. பயிற்சி இல்லாதவரைப் பழுது பார்க்க விடாதீர்கள்.

தூரத்துமழை எழுதியது:

ஸ்டார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இருப்பது ஐரோப்பாவில். இங்கே ஸ்டார் கிடையாது, எழுத்துதான். முன்பு ஏ, ஏ+, ஏ++, ஏ+++ என்று ஏறிக்கொண்டே போய், எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் பிளஸ்ஸாகவே இருந்தது. 2021 மார்ச்சில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாவற்றுக்கும் பிளஸ்ஸை எடுத்துவிட்டு ஏ முதல் ஜி வரை புதிதாக வரிசைப்படுத்தினார்கள். முந்தின வாரம் வரை உச்சியில் இருந்த மாடல் அப்படியே சி, டி என்று இறங்கியது. பெட்டி அதேதான், அளவுகோல்தான் மாறியது. ஸ்டார் போடும் நாடுகளிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அளவை இறுக்குவார்கள். கடையில் தூசியோடு நிற்கும் பழைய ஐந்து ஸ்டாரும் இந்த வருட ஐந்து ஸ்டாரும் ஒன்றில்லை.

இன்னொன்று, அந்த மதிப்பீடு அதே அளவுள்ள பெட்டிகளோடு ஒப்பிட்டுத் தருவது. 500 லிட்டர் ஐந்து ஸ்டார், 250 லிட்டர் மூன்று ஸ்டாரை விட அதிகம் இழுக்கலாம். அதனால் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும் பாருங்கள், அதை மட்டும் நம்பி ஒப்பிடுங்கள். கடைக்காரர் அதைக் காட்ட மாட்டார், நாம்தான் குனிந்து படிக்க வேண்டும்.

நீரோடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கம்பிவடம் அண்ணா சொன்ன மாதிரி சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் மீட்டரிலும் 3200 தான். பையன் "ஒன்று, இரண்டு" என்று எண்ண, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே ஓடாத வீட்டில் 25 வினாடிக்கு ஒரு தடவை விளக்கு சிமிட்டுகிறது. அப்படியென்றால் 45 வாட். ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல், யாருக்கும் பயனில்லாமல்!

ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினோம். பேட்டரி இன்வெர்ட்டரைக் கழற்றியதும் சிமிட்டல் பாதியாகக் குறைந்தது. மிச்சம் செட்டாப் பாக்ஸ், யாரும் பாட்டுக் கேட்காத பழைய ஆடியோ பெட்டி, வைஃபை மோடம்.

ஃபிரிட்ஜுக்குத் தோழியிடம் பிளக்கில் மாட்டும் அளவி ஒன்று வாங்கி வைத்தேன். 24 மணி நேரத்தில் 2.6 யூனிட். தாள் சோதனையில் கீழ் மூலையில் தாள் தானாகவே விழுந்தது. அடுப்பிலிருந்து இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறது.

ஃபேன்: கூடத்தில் 16 மணி நேரம், அத்தை அறையில் 16, எங்கள் அறையில் 8, விருந்தாளி அறையில் ஒரு மணி நேரம் கூட இல்லை. ஏசி வெயில் மாதங்கள் நான்கில் மட்டும், இரவு 8 மணி நேரம்.

மொட்டைமாடி எழுதியது:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இனி கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது.

கூடத்து ஃபேனும் அத்தை அறை ஃபேனும் மட்டும் பி.எல்.டி.சி. மோட்டாருக்கு, அதாவது குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மாறினால் ஒவ்வொன்றிலும் 45 வாட் குறையும். இரண்டும் சேர்ந்து 32 மணி நேரம். நாளைக்கு 1.44 யூனிட் மிச்சம். ஃபேன் வருடத்தில் பத்து மாதம் ஓடினால் 430 யூனிட் வரும்.

ஃபிரிட்ஜ் 2.6. இதே அளவில் நல்ல புதிய பெட்டி நாளைக்கு 0.7 ஒட்டி இருக்கும். வித்தியாசம் 1.9, வருடத்துக்கு 690 யூனிட். ஆனால் ரப்பர் மாற்றினால் இந்த 2.6 எவ்வளவு இறங்கும் என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஏசி இரவுக்கு 8 யூனிட் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல இன்வெர்ட்டர் ஏசி 5 இழுக்கலாம். 3 யூனிட், 120 இரவு, 360 யூனிட். மூன்றிலும் விலை அதிகம் ஏசிதான், மிச்சம் குறைவும் அதுதான். புதியதன் விலையை, வருட மிச்ச யூனிட்டுக்கு நீங்கள் கட்டும் தொகையால் வகுங்கள். எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வரும். ஃபேன் கண்டிப்பாக முதலில் வரும்.

மின்மினி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவும் இந்த இன்வெர்ட்டர் ஏசியும் ஒன்றா?

கம்பிவடம் எழுதியது:

பெயர்தான் ஒன்று. பேட்டரியோடு இருப்பது கரண்ட் போனால் பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிறது. ஏசிக்குள் இருப்பது கம்ப்ரெசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக்ஸ். பழைய ஏசி முழு வேகத்தில் ஓடும், பிறகு நிற்கும், திரும்ப ஓடும். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் போட்டு அணைப்பவருக்கு அதில் பெரிய லாபமில்லை. இரவு முழுக்கப் போடுபவருக்கு லாபம்.

நீரோடை சகோதரி, உங்கள் பேட்டரி இன்வெர்ட்டர் பழையது என்றால் பேட்டரி நிரம்பிய பிறகும் சூடாகிக்கொண்டிருக்கும். கை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் தண்ணீர் அளவையும் பாருங்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மாறினால் கரண்ட் போன நேரத்தில் அதே பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும். அத்தைக்கு அது பெரிய உதவி. மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை அந்த லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து ஓட்டினால் ஃபேன் போர்டு போய்விடும். பெட்டியில் வாட் மட்டும் பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்றும் பாருங்கள். காற்று வராத 25 வாட் ஃபேனால் என்ன பயன்?

வண்ணநிழல் எழுதியது:

பிளக்கில் மாட்டினால் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்கிறார்களே, யாராவது வாங்கினீர்களா? எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

கம்பிவடம் எழுதியது:

வாங்காதீர்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்ன கெபாசிட்டரும் ஒரு பச்சை எல்.இ.டி. விளக்கும்தான். கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையாக வேலைக்கு ஆகிறது என்ற விகிதத்தைச் சரிசெய்யும், அது தொழிற்சாலைக்குத் தேவை. வீட்டு மீட்டர் உண்மையாகச் செலவான யூனிட்டைத்தான் எண்ணுகிறது, அதை இந்தப் பெட்டியால் தொட முடியாது. அந்தப் பச்சை விளக்குக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.

தென்னங்கீற்று எழுதியது:

கீசரை யாரும் தொடவில்லையே. ஐந்து பேர் குளிக்கும் வீட்டில் அதுதானே பெரிய பேய்?

மொட்டைமாடி எழுதியது:

பேய்தான். ஆனால் ஸ்டார் பார்த்து விரட்ட முடியாத பேய். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோ ஜூல் வேண்டும், எந்தக் கம்பெனி கீசரானாலும் இது மாறாது. 15 லிட்டரை 25 டிகிரி ஏற்றினால் 0.44 யூனிட். கம்பிச் சுருள் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது, அதில் மேம்படுத்த இடமே இல்லை. ஸ்டார் வித்தியாசமெல்லாம் சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது ஆறிப்போகும் இழப்பில்தான். ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கும் வீட்டுக்கு ஸ்டார் உதவும். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் பெரிய மாற்றம் தெரியாது. தெர்மோஸ்டாட்டை 60-லிருந்து கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஆனால் தண்ணீர் நாள் கணக்கில் உள்ளேயே நிற்கும் வீடானால் கிருமிக்காக 60-ஐ விட்டு இறங்க வேண்டாம்.

நிஜமாகக் குறைய வேண்டுமென்றால் வேறு வழியில் சூடாக்க வேண்டும். சூரிய ஒளி, இல்லையென்றால் வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப். ஹீட் பம்ப் அதே வெந்நீருக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலையை முடிக்கும்.

வாஷிங் மெஷினுக்கும் இதே கணக்குதான். டிரம்மைச் சுற்றுவதற்குக் கொஞ்சம்தான் ஆகும். உள்ளேயே சூடாக்கும் மெஷினில் 60 டிகிரி பட்டனை அழுத்தினால் தண்ணீர் சூடாக மட்டும் அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். அழுக்குக் குறைந்த துணியைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள்.

பொறுமைசாலி எழுதியது:

நீரோடை அளந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏசியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், அதையும் மாற்றும் முன் பாருங்கள். எங்கள் மாடி அறைக்கு முதலில் இரண்டு டன் ஏசி வாங்கினோம், பெரிது நல்லது என்று. ஐந்து நிமிடத்தில் அறை சில்லிடும், கம்ப்ரெசர் நின்றுவிடும், ஈரம் மட்டும் போகவே போகாது. பெட்ஷீட் நசநசவென்று இருக்கும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்க ஏசி தொடர்ந்து ஓட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டியும், தளத்துக்கு வெள்ளைப் பூச்சும் போட்ட பிறகு ஒரு டன்னே போதுமாக இருந்தது. டன் என்பது ஏசி இழுக்கும் மின்சாரமில்லை, அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம். ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். ஒரு டன் பனிக்கட்டி ஒரே நாளில் உருகினால் எவ்வளவு குளிர் தருமோ அந்த அளவு. அறைக்குள் வெயிலை விட்டுக்கொண்டே அதை வெளியே தள்ளப் பணம் கட்டுகிறோம்.

குளிர்காற்று எழுதியது:

அதோடு ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். 18 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்காதீர்கள், பழைய ஏசி எதில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 26 வைத்து ஃபேனையும் மெல்ல ஓட விடுங்கள். சர்வீஸுக்குப் போகும் பாதி வீடுகளில் அவுட்டோர் யூனிட் ஏதாவது ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. வெப்பம் வெளியேறும் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

நீரோடை எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். ஃபிரிட்ஜை எதிர்ச் சுவருக்கு மாற்றி, ரப்பரும் புதிதாகப் போட்டோம். இப்போது 24 மணி நேரத்துக்கு 1.9 யூனிட், உறுமலும் இடையில் நிற்கிறது. ஆடியோ பெட்டியையும் செட்டாப் பாக்ஸையும் ஒரே சுவிட்ச் போர்டில் மாட்டி, படுக்கும்போது அணைத்துவிடுகிறோம். பையன் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டான். பேட்டரி இன்வெர்ட்டரைக் காட்டியதில் சார்ஜிங் பகுதி பழுது என்று தெரிந்து சரிசெய்தார்கள். போன சனிக்கிழமை திரும்ப மீட்டர் முன்னால் நின்றோம். 75 வினாடிக்கு ஒரு சிமிட்டல், 15 வாட்.

இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டிவிட்டோம். அத்தைக்கு ரிமோட் பிடிக்கவில்லை, பட்டன் சிறியதாக இருக்கிறதாம். சுவர் சுவிட்சையே இரண்டு தடவை தட்டி வேகம் மாற்றும் வசதி அதில் இருந்தது, இப்போது அதைப் பயன்படுத்துகிறார். மிச்சம் இருக்கும் பணத்தில் ஃபிரிட்ஜா, இன்னொரு வருடம் தள்ளிப்போடவா என்று யோசிக்கிறோம். 1.9-க்கும் 0.7-க்கும் நடுவில் வருடத்துக்கு 438 யூனிட் இருக்கிறது.

பொறுமைசாலி எழுதியது:

ஃபிரிட்ஜை மாற்றுங்கள். இதை நானே சொல்கிறேன். ஆனால் பழையதைக் குளிர்பானம் வைக்கலாம் என்று மாடியில் செருகி வைத்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் 0.7 கூடத்தான் செய்யும், குறையாது. கேஸை முறையாக இறக்கி எடுக்கும் மறுசுழற்சி ஆளிடம் கொடுங்கள்.

நீரோடை எழுதியது:

சரி ஐயா. அத்தை ஏற்கெனவே மாடியில் இடம் பார்த்து வைத்திருந்தார். உங்கள் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். புதியதைக் கொண்டு வரும் வண்டியிலேயே பழையதை அனுப்பிவிடச் சொல்லிவிட்டார். குளிர்காற்று அண்ணா, புதிய பெட்டி பக்கச் சுவரிலேயே வெப்பம் விடும் மாடலாம், பின்னால் கம்பிச் சுருள் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

குளிர்காற்று எழுதியது:

பெட்டியோடு வரும் கையேட்டில் ஓர் அளவு போட்டிருப்பார்கள், அதுவே சரி. அது கைக்கு வரும் வரை இரண்டு பக்கமும் நான்கு விரல், மேலே ஒரு சாண் விட்டு இடம் பாருங்கள். முதல் நாள் பக்கச் சுவரைத் தொட்டால் சுடும், பயப்பட வேண்டாம். உள்ளிருந்து எடுத்த வெப்பம்தான் அது. மேலே துணி போட்டு மட்டும் மூடிவிடாதீர்கள்.